உன் வலது காது போன கதை

தங்கராசு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. லொறி கொழும்பில் பழுதாகி நிற்கிறது, அதோடு நீயும் நிற்கிறாய், சோறும் தூக்கமும் குறையில்லாமல் நடக்கிறது என்று உன் பெண்டாட்டி பார்வதி சொன்னாள். அது போதும். இந்தக் கடிதத்தை ஓர் இடத்தில் உட்கார்ந்து கடைசிவரை படி. பாதியில் மடித்துச் சட்டைப் பையில் செருகிவிட்டு, அப்பா வழக்கம்போலத் திட்டியிருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவனிடம் சிரித்துக்கொண்டு சொல்லாதே. வழக்கம்போலத் திட்டத்தான் போகிறேன். ஆனால் இந்த முறை காரணம் வழக்கமானது இல்லை.

பார்வதியின் அண்ணன் செல்வம், மஸ்கெலியா கடைத்தெருவில் துணிக்கடையில் நிற்கிறானே, அவன் நீ போன பிறகு சாகக் கிடந்தான். நீ பதறிக்கொண்டு ஓடிவருவாய் என்று பார்வதி உனக்குச் சொல்லவில்லை. நீ கொஞ்சம் பதறட்டும் என்றுதான் நான் சொல்கிறேன். அவனைப் படுக்க வைத்தது காய்ச்சல். படுத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவிடாமல் தடுத்தது உன் வாய். பொகவந்தலாவையிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் தேத்தண்ணிக் கடை தவறாமல் உட்கார்ந்து நீ ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறாய். உனக்கு மண்டைக் காய்ச்சல் வந்ததாம், ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி குத்தினார்களாம், அந்த ஊசி நரம்பில் பட்டு வலது காது போய்விட்டதாம். அந்தக் கதையில் ஒரு வார்த்தைகூட உனக்கு நினைவிருந்து சொன்னது இல்லை. அப்போது உனக்கு நினைவே இல்லை. நினைவோடு இருந்தது நானும் உன் அம்மாவும். ஆகவே நடந்ததை நான் எழுதுகிறேன். செல்வம் என்ன ஆனான் என்பது அதன் வரிசையில் வரும். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே.

நீ லொறியில் சேர்ந்த இரண்டாம் வருஷம் அது. அந்த மழைக்காலத்தில் தோட்டம் முழுவதும் இன்புளுவென்சா. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்க நின்றால், கொழுந்து பறிக்கப் போக ஆள் இல்லை. லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு இருமல். உனக்கும் வந்தது. மூன்று நான்கு நாள் படுத்தாய், வியர்த்தது, எழுந்தாய், கஞ்சி குடித்தாய். அதோடு இரண்டு நாள் வீட்டில் கிடந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. நீ கேட்டாயா? ஹட்டன் ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்ற ஆள் இல்லை என்று யாரோ சொன்னதும், கொட்டுகிற மழையில் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினாய். உன் அம்மா வாசலை மறித்து நின்றாள். "ஒடம்பு இன்னும் தேறல ராசா, இன்னிக்கு ஒரு நாளு வேணாம்" என்றாள். "அம்மா, நான் என்ன பச்சப் புள்ளயா?" என்று அவளைத் தள்ளிவிட்டுப் போனாய். பச்சைப் பிள்ளை என்றால் தூக்கி உள்ளே போட்டிருப்போம். வளர்ந்த ஆம்பிளையை என்ன செய்வது?

மறுநாள் நடுக்கம் எடுத்தது. சும்மா குளிர் இல்லை. கட்டில் சுவரில் இடித்துச் சத்தம் போடுகிற அளவுக்கு நடுக்கம். பிறகு நெருப்பாகக் கொதித்தாய். வலது விலாவில் கத்தி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, மூச்சை முழுதாக இழுக்க முடியாமல், ஓடிவந்த நாய் மாதிரி மேல் மூச்சு வாங்கினாய். உதட்டைச் சுற்றிக் கொப்புளம் வெடித்தது. இருமித் துப்பினால் சளி, துருப்பிடித்த தகரத்தில் மழைத்தண்ணீர் வடிந்தது போன்ற நிறம். நான் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவைக் கூட்டி வந்தேன். அவரும் பாவம், அன்றைக்கு எத்தனை லயம் ஏறி இறங்கினாரோ. வாசலில் நின்றபடியே, "எல்லாருக்கும் இதுதான் கணக்கப்பிள்ள, பயப்படாதீங்க" என்று சொல்லி, ஒரு போத்தல் மருந்துத் தண்ணீரும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாருக்கும் இதுதானா? எல்லாருக்கும் காய்ச்சல் வந்தது, போனது. உனக்குப் போன காய்ச்சல் திரும்பி வந்திருக்கிறது. போய்த் திரும்பி வருகிற காய்ச்சல் வேறு காய்ச்சலாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்ற வேண்டாமா? அந்தச் சளியை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதுமே! அவரை நான் குறை சொல்லக் கூடாது என்கிறாள் உன் அம்மா. பக்கத்தில் நின்று நான் எழுதுவதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சரி, சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் உனக்குத் தலைவலி தொடங்கியது. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாய். குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்தது. மத்தியானத்துக்குள் பேச்சு குழறிப் போனது. இல்லாத பெட்டிகளை ஏற்றச் சொல்லி இல்லாத ஆட்களை அதட்டினாய். நான் நெற்றியில் கை வைத்ததும், "ஏன்யா நிக்கிற, தூக்குய்யா" என்று என்னையும் அதட்டினாய். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, புள்ள நம்மள யாருன்னு தெரியாமப் பேசுதுங்க. இது காச்ச இல்லங்க" என்றாள். அப்போது வந்து சேர்ந்தார் உன் தாய்மாமன். பேய் பிடித்திருக்கிறது என்றார். பூசாரியை அழைத்து வருகிறேன் என்றார். நான் அவருக்குப் பதில் சொல்லாமல் நேரே தொரை பங்களாவுக்கு நடந்தேன். தொரையிடம் மேற்பார்வைக் கண்டாக்கையா வழியாகத்தான் பேச வேண்டும் என்ற முறையெல்லாம் அன்று எனக்கு ஞாபகம் இல்லை. தொரை என்ன நினைத்தாரோ, ஒன்றும் கேட்காமல் தோட்டத்து லொறியைக் கொடுத்தார்.

அந்த லொறிப் பயணத்தில் ஒன்று நடந்தது. அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். பின்பக்கத்தில் வைக்கோல் மேல் பாய் விரித்து உன்னைக் கிடத்தியிருந்தோம். நான் உன் வலப்பக்கம், உன் அம்மா இடப்பக்கம். வளைவுக்கு வளைவு நான் உன் காதருகே குனிந்து, "தங்கராசு, தங்கராசு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். நீ கண்ணைக்கூட அசைக்கவில்லை. பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தேன். அந்தப் பக்கம் உன் அம்மா சாதாரணமாக, "ராசா, தண்ணி வேணுமா?" என்றாள். உடனே அவள் பக்கம் தலையைத் திருப்பி, "உம்" என்றாய். அப்போது எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! அம்மாவுக்கு மட்டும் பதில் சொல்கிறானே என்று நினைத்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது.

ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர். வயது உன்னைவிட நாலைந்துதான் கூட இருக்கும். ஒல்லியான ஆள், எரிச்சல்காரர். எனக்கு அந்த எரிச்சல் உடனே பிடித்துப்போனது. உன் நெஞ்சில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். இடப்பக்கம் காலிப் பெட்டியைத் தட்டுகிற சத்தம். வலப்பக்கம் கீழே தேயிலை அடைத்த பெட்டியைத் தட்டுகிற மந்தச் சத்தம். பெட்டியோடு பிழைக்கிற எனக்கு அது புரிந்தது. பிறகு உன் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினார். தலை மட்டும் வரவில்லை, பலகை மாதிரி முதுகும் சேர்ந்து எழுந்தது. "எத்தினை நாளா இப்பிடிக் கிடக்கிறார்?" என்று கேட்டார். நான் சொல்லி முடிக்கும் முன்னே, "மிஸ்ஸி, பெனிசிலின்" என்று நர்ஸைக் கூப்பிட்டு, முதல் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சை பாருங்கோ ஐயா. இது நுரையீரல்லை தொடங்கின நிமோனியா. இப்ப ரத்தத்துக்குள்ளை இறங்கி, மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வு வரைக்கும் போயிட்டுது எண்டு நினைக்கிறன். நினைச்சால் மட்டும் காணாது. முதுகிலை ஊசி போட்டுக் கொஞ்சத் தண்ணி எடுத்துப் பாக்க வேணும். மண்டைக் காய்ச்சல் ஒரு சாதி இல்லை. காசநோய்க் கிருமியாலையும் வரும், அதுக்கு மருந்து வேறை. எந்தக் கிருமி எண்டு தெரியாமல் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் செய்யேலாது."

இதற்கு முதலில் பதில் சொன்னவர் யார்? உன் மாமன்தான். லொறியில் தொற்றிக்கொண்டு அவரும் வந்திருந்தார். "மச்சான், முதுகெலும்புல கை வைக்க விடாதீங்க. காலு ரெண்டும் வெளங்காமப் போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் தூக்கிச் சொமக்கணும்" என்றார். டொக்டர் கோபப்படவில்லை. "நான் குத்திற இடத்திலை தண்டுவடம் இல்லை, அது மேலேயே முடிஞ்சிடும். வலிக்கும். கால் போகாது" என்று மட்டும் சொன்னார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் பயம் இல்லை என்றா நினைக்கிறாய்? கொஞ்ச நாளைக்கு முன் ஒற்றை ஆளாகத் தேயிலைப் பெட்டி தூக்கிய பிள்ளை, விளங்காத காலோடு லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பது என் கண்முன்னே வந்து நின்றது. ஆனால் காலுக்காக நான் தயங்கினால், தலையை யார் காப்பாற்றுவது? "எடுங்க ஐயா" என்றேன். உன் மாமன் என்னோடு பேசாமல் இருந்தது மூன்று மாதம். அந்த மூன்று மாதம் நிம்மதியாக இருந்தது.

உன்னைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கி, நானும் ஓர் ஆளும் பிடித்துக்கொண்டோம். நர்ஸ் அம்மா உன் தலையைத் தடவி, "பய வென்ன எபா மல்லி" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பயப்படாதே தம்பி என்று. உனக்குத்தான் சொன்னாள், கேட்டது நான். டொக்டர் இடுப்புக்கு மேலே விரலால் தடவி இடம் பார்த்து ஊசியை ஏற்றினார். குழாயில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஊற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டுமாம். விழுந்தது அரிசி கழுவின தண்ணீர். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனவர், கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு பூதக்கண்ணாடிக் கருவியில் பார்க்கச் சொன்னார். நீல நிறப் புள்ளிகள். தனித்தனியாக இல்லை, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு இருந்தன. "நியூமோகொக்கஸ். பெனிசிலினுக்கு அடங்கிற சாதி. கெதியா, முதல் நாளே வந்திருந்தியளெண்டால் நெஞ்சோடை மறிச்சிருக்கலாம்" என்றார். ரத்தமும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். அதிலும் அதே கிருமிதான் என்று பதில் வந்தபோது நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாய்.

எழுந்து உட்கார்ந்தது லேசாக நடக்கவில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசி, பகலென்றும் இரவென்றும் இல்லாமல். இரண்டு தொடையிலும் இடம் இல்லாமல் வீங்கிப் போனது. இரண்டு நாள் நீ கண்ணைத் திறக்கவில்லை, மூன்றாவது நாள் திறந்து கண்டபடி ஏசினாய். உன் அம்மா வராந்தாவில் படுத்துக் கிடந்தாள். காய்ச்சல் இறங்கி, நீ ஆளை அடையாளம் கண்டதும் நான் உன் வலப்பக்கம் நின்று பேசினேன். நீ பேசாமல் கூரையைப் பார்த்தாய். இடப்பக்கம் வந்து நின்றதும், "எப்பப்பா வந்தீங்க?" என்றாய். டொக்டரிடம் சொன்னேன். அவர் கடிகாரத்தை உன் காதருகே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கட்டிலோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "இந்தக் கிருமி சவ்வுக்குப் போனால் காதைப் பறிக்கிறது உண்டு. மற்றக் காது மிஞ்சியிருக்குது. மூளை மிஞ்சியிருக்குது. இது திரும்பாது ஐயா, மன்னியுங்கோ" என்றார். எதற்கு மன்னிப்பு? அவர் பறித்தாரா? லொறியில் நான் கூப்பிட்டு நீ திரும்பாதபோதே அது போய்விட்டது. முதுகில் ஊசி ஏறுவதற்கு முன்பே, ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதற்கு முன்பே!

இதற்குப் பிறகு நீ செய்த காரியத்தை உன் கதையில் சொல்வதே இல்லை. அது ஏன்? காய்ச்சல் விட்டு, சோறு இறங்கத் தொடங்கியதும், ஊசி போதும் என்று உனக்கே தீர்ப்பு வந்துவிட்டது. உன் அம்மா துணி துவைக்கப் போன நேரம், ஆஸ்பத்திரிச் சட்டையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போய், பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறிவிட்டாய். கண்டக்டருக்கு உன்னைத் தெரியும் என்பதால் டிக்கெட்டும் கேட்கவில்லையாம். நான் மேலே தேயிலை மலையில் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டு நிற்கிறேன், கடைத்தெருவிலிருந்து ஒருவன் வந்து, "ஒங்க மகன் கடையில ரொட்டி தின்னுக்கிட்டு இருக்காரு" என்கிறான். ஓடி வந்து பார்த்தால், ரொட்டியைக் கையில் பிடித்தபடி, வேர்த்து விறுவிறுத்து, நிற்கப் பலமில்லாமல் கம்பத்தில் சாய்ந்து கிடக்கிறாய். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, சொகமாயிடுச்சு" என்றாய். உன்னை அடுத்த பஸ்ஸில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனேன். டொக்டர் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. "சுகம் எண்டு உமக்கு ஆர் சொன்னது? கிருமி உம்மட்டைச் சொன்னதோ? பாதியிலை விட்டால் மிச்சக் கிருமி திரும்பி வரும். வந்தால் நான் இல்லை, ஒருத்தராலையும் ஏலாது!" நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். பாவமாக இருந்தது என்று உன் அம்மா சொல்கிறாள். எனக்கு அந்த டொக்டரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

இப்போது செல்வத்துக்கு வருகிறேன். மழையில் நனைந்தான், இருமினான், நெஞ்சு வலிக்கிறது என்றான். அதற்கு முன்பே மாதக் கணக்கில் அவனுக்கு ஓர் இருமல் இருந்தது உனக்கும் தெரியும். பிறகு தலைவலி, வாந்தி, உளறல். பார்வதி கெட்டிக்காரி. யாரையும் கேட்காமல் ஒரு வாடகைக் காரைப் பிடித்து அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே அதே டொக்டர். தலைமுடி கொஞ்சம் கொட்டியிருக்கிறது, எரிச்சல் அப்படியே இருக்கிறது. பெனிசிலினைத் தொடங்கிவிட்டு, பழைய இருமல் இருப்பதால் காசநோயாகவும் இருக்கலாம், முதுகில் தண்ணீர் எடுத்தால்தான் தெரியும் என்றிருக்கிறார். செல்வத்தின் அம்மா மகன் மேல் குப்புற விழுந்து மறித்துவிட்டாள். "எங்க மாப்பிள்ளைக்கு நீங்கதானே முதுகுல குத்திக் காத அறுத்தீங்க? எம் புள்ளயத் தொடாதீங்க" என்றாளாம். பார்வதி எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. உன் வாக்கு அவளுக்கு வேதவாக்கு. ஒரு பகல் முழுக்க வீணாகப் போனது. பார்வதி ஆள் அனுப்பி, நான் போய்ச் சேரும்போது செல்வம் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை.

வாசலில் டொக்டரைப் பார்த்தேன். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. "ஐயா, எம் புள்ள அறிவில்லாமப் பேசிட்டான்" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "உயிரோடை இருக்கிறபடியாலைதானே கதை சொல்லுறான். விடுங்கோ. இப்ப உள்ளை போய் அந்த அம்மாவோடை பேசுங்கோ" என்றார்.

சம்பந்தியம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். லொறியில் நடந்ததைச் சொன்னேன். நான் கூப்பிட்டது, நீ திரும்பாதது, உன் அம்மா கூப்பிட்டதும் 'உம்' என்றது. "ஊசி போட்டது அதுக்கு அப்புறம்மா. எம் புள்ள காது வர்ற வழியிலயே போயிடுச்சு. அந்த ஊசி போட்டதாலதான் அவன் ஒங்க மகள கட்டினான். இல்லாட்டி அவன அன்னிக்கே பொதச்சிருப்போம்" என்றேன். "அப்ப மாப்பிள்ள ஏங்க அப்பிடிச் சொன்னாரு?" என்று அவள் கேட்டாள். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீ சொல். ஒரு காது கிருமியால் போனது என்று சொன்னால் யாரும் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள், டொக்டர் அறுத்தார் என்றால் இன்னொரு தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார்கள், அதுதானே? "அவனுக்கு ஒண்ணும் நெனவில்லம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் மகன் மேலிருந்து கையை எடுத்தாள்.

அவனுக்கும் அதே கலங்கிய தண்ணீர், அதே இரட்டைப் புள்ளிகள். காசநோய் இல்லை. எந்த மருந்தை எவ்வளவு காலம் என்பது அதோடு தெளிவானது. நான்காம் நாள் கண் விழித்தான். நேற்று நான் பார்க்கப் போனபோது சாய்ந்து உட்கார்ந்து, பீடி வேண்டும் என்று பார்வதியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு காதும் கேட்கிறது. நடக்கும்போது மட்டும் கொஞ்சம் தள்ளாடுகிறான், அது போகப் போகச் சரியாகலாம் என்கிறார் டொக்டர். வீணான அந்த ஒரு பகல் இல்லாவிட்டால் அந்தத் தள்ளாட்டமும் இருந்திருக்காதோ என்று கேட்டேன். "தெரியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனுஷன் அவர். உனக்கும் அது பழகினால் நல்லது.

அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறார். லொறி எப்படியாவது போகட்டும், வெள்ளிக்கிழமை இரவு ரயிலைப் பிடித்து வந்து சேர். உன் அம்மாவும் நானும் பார்வதியும் அங்கே நிற்போம், செல்வத்தின் அம்மாவும் வருகிறாள். அவர் முன்னால் போய் நின்று கும்பிடு. வாயை மட்டும் திறக்காதே. திறந்தால் நீ கதை சொல்லத் தொடங்கிவிடுவாய்.

அப்பா